படித்த புத்தகத்துக்கு மதிப்பெண் போடுவது எப்படி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் படம் பார்ப்பார்கள், கேம்ஸ் ஆடுவார்கள், நாலைந்து மெயில் அனுப்புவார்கள். அதன் பிறகு, "இதை வைத்து உருப்படியாக வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். கேட்பவருக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் இருந்தால் நான் சொல்லும் பதில் இதுதான். நீங்கள் படித்த புத்தகங்களை ஓர் ஒர்க் ஷீட்டில் பதிந்து, மதிப்பெண் போட்டு, நண்பர்களுடன் பகிர்ந்துகொள்ளுங்கள்.

திருவல்லிக்கேணியில் நாங்கள் ஐந்து பேர் இதைச் செய்து வருகிறோம். பைகிராஃப்ட்ஸ் சாலை என்று பழைய ஆட்கள் இன்றும் சொல்லும் பாரதி சாலை, பழைய புத்தகக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. அங்கே வாங்கும் புத்தகங்கள் எங்களுக்குள் கை மாறிக்கொண்டே இருக்கும். யார் எதைப் படித்தார், எப்படி இருந்தது என்று வாய்வார்த்தையாகச் சொன்னது இரண்டு மாதத்தில் மறந்துவிடும். அதனால்தான் ஒர்க் ஷீட்டுக்கு வந்தோம்.

நான் செய்த தவறு

முதலில் எங்கள் ஒர்க் ஷீட்டில் மூன்றே நெட்டு வரிசைகள் (காலம்) இருந்தன. புத்தகம், படித்தவர், மதிப்பெண். ஐந்துக்கு எத்தனை என்று எண்ணைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம்.

எங்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். அவருக்குப் பார்வை குறைந்து வருகிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் படித்தால் அதற்கு மேல் எழுத்துகள் கலங்கிவிடும். நான் ஐந்து மதிப்பெண் போட்டிருந்த மூன்று பாகச் சரித்திர நாவல் ஒன்றை எடுத்துப் போனார். பதினெட்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தபோது, "தம்பி, எதுக்கு இதுக்கு அஞ்சு போட்டே?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இரவு வேலை முடிந்து வந்து, சண்டைக் காட்சிகளுக்காக வேகமாகப் படித்துத் தள்ளிய நாவல் அது. அவருக்கோ குடும்பக் கதைகள்தான் பிடிக்கும். "உனக்கு இது நாலு ராத்திரி. எனக்குப் பதினெட்டு நாள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

அன்றே இன்னும் இரண்டு நெட்டு வரிசைகளைச் சேர்த்தோம். ஒன்று 'ஏன்?', மற்றொன்று 'யாருக்கு?'. இந்தப் பாடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இந்த இரண்டும்தான். மற்றவை எல்லாம் மவுஸ் வேலை.

ஒர்க் ஷீட் தயாரித்தல்

கூகுள் ஷீட்ஸ் இலவசமானது. ஜிமெயில் முகவரி இருந்தால் போதும். பிரவுசரில் கூகுள் ஷீட்ஸ் பக்கத்தைத் திறந்து, 'பிளாங்க் ஸ்பிரெட்ஷீட்' என்பதில் கிளிக் செய்திடவும். கட்டம் கட்டமாக ஒரு பக்கம் கிடைக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு செல்.

தமிழில் டைப் செய்ய விண்டோஸ் 10 மற்றும் 11 தொகுப்புகளில் தனி சாப்ட்வேர் தேவையில்லை. 'செட்டிங்ஸ்' சென்று, 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பிரிவில் தமிழ் மொழியைச் சேர்க்கவும். தமிழ் 99, ஃபோனெடிக் என இரண்டு கீ போர்டுகளும் அதில் உண்டு. ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாற, விண்டோஸ் கீயை அழுத்தியபடி ஸ்பேஸ் பாரைத் தட்டினால் போதும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட யூனிகோட் எழுத்துதான் இதில் கிடைக்கிறது. எனவே நீங்கள் டைப் செய்ததை நண்பர் தம் கம்ப்யூட்டரிலும் போனிலும் கட்டம் கட்டமாகத் தெரியாமல் அப்படியே படிக்கலாம். பழைய எழுத்துருக்களில் இந்த வசதி இல்லை.

இனி முதல் படுக்கை வரிசையில் (ரோ) கீழ்க்கண்ட தலைப்புகளை, ஒரு செல்லுக்கு ஒன்றாக டைப் செய்திடவும்.

1. முடித்த தேதி
2. புத்தகம்
3. ஆசிரியர்
4. படித்தவர்
5. மதிப்பெண்
6. ஏன்?
7. யாருக்கு?

அடுத்து 'வியூ' மெனுவில் 'ஃபிரீஸ்' சென்று, '1 ரோ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீங்கள் எவ்வளவு கீழே சென்றாலும் தலைப்புகள் மேலேயே நிற்கும். 'ஏன்?' என்ற நெட்டு வரிசையில் எழுதுவது நீளமாக இருக்கும் அல்லவா? அதன் மேலே உள்ள எழுத்தில் கிளிக் செய்து, 'ஃபார்மட்' மெனுவில் 'ராப்பிங்', பிறகு 'ராப்' எனத் தேர்ந்தெடுத்தால், எழுதியது செல்லுக்குள்ளேயே மடிந்து இறங்கும்.

ஒரே புத்தகத்தை மூன்று பேர் படித்தால் மூன்று படுக்கை வரிசைகள் வர வேண்டும். ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதக் கூடாது.

மதிப்பெண்ணுக்கு ஒரு வேலி

எங்களில் ஒருவர் பழக்க தோஷத்தில் 80 என்று போட்டுவிட்டார். அவர் மனத்தில் நூற்றுக்கு எண்பது. இதைத் தடுக்க ஒரு வழி உண்டு. மதிப்பெண் தலைப்புக்குக் கீழே உள்ள முதல் செல்லில் கிளிக் செய்யவும். பிறகு 200ஆவது படுக்கை வரிசைக்குப் போய், ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி அதே நெட்டு வரிசையில் கிளிக் செய்தால் இடைப்பட்ட அனைத்தும் தேர்வாகும். இப்போது 'டேட்டா' மெனுவில் 'டேட்டா வேலிடேஷன்' சென்று, 'ஆட் ரூல்' என்பதில் கிளிக் செய்திடவும். நிபந்தனையாக 'இஸ் பிட்வீன்' என்பதைத் தேர்ந்தெடுத்து 1, 5 ஆகிய எண்களைத் தரவும். 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பிரிவில் 'ரிஜெக்ட் தி இன்புட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 'டன்' அழுத்தவும். இனி 80 என்று போட்டால் ஏற்காது. மூன்றரை போட விரும்புவோர் 3.5 எனத் தரலாம்.

சராசரி சொல்லாத செய்தி

'புத்தகம்' என்ற நெட்டு வரிசைப்படி அடுக்கினால் (எப்படி என்று கீழே சொல்கிறேன்) ஒரே புத்தகத்தின் மதிப்பெண்கள் அடுத்தடுத்து வரும். அந்தச் செல்களைத் தேர்ந்தெடுத்தால் திரையின் கீழ் வலது மூலையில் 'சம்' என்று கூட்டுத்தொகை தெரியும். அதில் கிளிக் செய்தால் ஆவரேஜ் (சராசரி), மினிமம், மேக்ஸிமம் ஆகியவையும் கிடைக்கும். ஃபார்முலா எதுவும் எழுத வேண்டாம்.

ஆனால் சராசரியை மட்டும் நம்பாதீர்கள். ஒரு புத்தகத்துக்கு ஐந்து பேர் 5, 5, 3, 1, 1 என்று போடுகிறார்கள். கூட்டினால் 15, சராசரி 3. இன்னொரு புத்தகத்துக்கு ஐவரும் 3 போடுகிறார்கள். அதற்கும் சராசரி 3. இரண்டும் ஒன்றா? முதல் புத்தகம் இரண்டு பேருக்கு உயிர், இரண்டு பேருக்கு வேம்பு. இரண்டாவது, யாருக்கும் கெடுதல் செய்யாத சாதாரணப் புத்தகம். மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியும். காரணம் என்ன என்பதை 'ஏன்?' மட்டுமே சொல்லும்.

'ஏன்?' எழுதுவது எப்படி?

'சூப்பர்', 'போர்' என்று எழுதினால் அது இன்னொரு மதிப்பெண்தான், காரணம் ஆகாது. புத்தகத்தில் என்ன இருக்கிறது, அது உங்களை என்ன செய்தது என்று இரண்டு வரி எழுதுங்கள். நான் எழுதிய ஒன்றை உதாரணமாகத் தருகிறேன்.

புத்தகம்: வாடிவாசல். ஆசிரியர்: சி.சு. செல்லப்பா. மதிப்பெண்: 5. ஏன்?: கதை முழுக்க ஒரு ஜல்லிக்கட்டிலேயே நடக்கிறது. மதுரைப் பக்கத்துப் பேச்சு முதல் சில பக்கங்களில் தடுத்தது, பிறகு அதுவே இழுத்துக்கொண்டு போனது. யாருக்கு?: சின்னப் புத்தகமாக, விறுவிறுப்பாக வேண்டும் என்பவர்களுக்கு.

செல்லப்பாவை நான் வேண்டும் என்றேதான் எடுத்துக்கொண்டேன். இலக்கிய விமர்சனத்துக்கு முக்கிய இடம் தந்த 'எழுத்து' பத்திரிகையை அவர் 1959 ஜனவரியில் தொடங்கி, திருவல்லிக்கேணி பிள்ளையார் கோயில் தெருவிலிருந்து நடத்தினார். 1970 வரை அது வந்தது. ஒரு படைப்பு நல்லது என்றால் ஏன் நல்லது என்று காட்ட வேண்டும் என்பதற்காக ஒரு தனி மனிதர் பத்திரிகையே நடத்திய ஊர் இது. நமக்கு இரண்டு வரி எழுதுவது பெரிய வேலையா?

'யாருக்கு?' என்ற கேள்வியும் நம் பக்கத்துச் சரக்குதான். நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1924ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அந்தப் பல்கலைக்கழகம் பக்கத்துச் சேப்பாக்கத்தில்தான் இருக்கிறது. அவருடைய ஐந்து நூலக விதிகள் 1931ஆம் ஆண்டு நூலாக வந்தன. ஒவ்வொரு வாசகருக்கும் ஏற்ற புத்தகம் உண்டு, ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஏற்ற வாசகர் உண்டு, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற கருத்துகள் அவற்றில் அடங்கும். எங்கள் சாரின் பதினெட்டு நாளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடைசிக் கருத்து ஞாபகம் வரும்.

அடுக்குதலும் ஓர் எச்சரிக்கையும்

பட்டியலுக்குள் ஏதாவது ஒரு செல்லில் கிளிக் செய்து, 'டேட்டா' மெனுவில் 'கிரியேட் எ ஃபில்டர்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும். ஒவ்வொரு தலைப்பிலும் ஒரு சின்ன ஐகான் வரும். 'புத்தகம்' ஐகானில் கிளிக் செய்து 'சார்ட் ஏ டு இசட்' கொடுத்தால் பெயர் வரிசையில் அடுக்கும். 'மதிப்பெண்' ஐகானில் 'சார்ட் இசட் டு ஏ' கொடுத்தால் அதிக மதிப்பெண் மேலே வரும்.

மதிப்பெண் நெட்டு வரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்காதீர்கள். மதிப்பெண்கள் மட்டும் இடம் மாறி, ஒரு புத்தகத்தின் மதிப்பெண் வேறு புத்தகத்துக்குப் போய்விடும். தவறிச் செய்துவிட்டால் உடனே கண்ட்ரோல் + இசட் அழுத்தவும். மறுநாள்தான் கவனித்தீர்கள் என்றால் 'ஃபைல்' மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' சென்று பழைய நிலையைத் திரும்பப் பெறலாம்.

இன்னொன்று. 'தி. ஜானகிராமன்', 'தி.ஜா.', 'ஜானகிராமன்' மூன்றும் நமக்கு ஒருவர்தான். கம்ப்யூட்டருக்கு மூன்று பேர். எந்த வடிவில் எழுதுவது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பகிர்ந்துகொள்ளுதல்

வலது மேல் மூலையில் உள்ள 'ஷேர்' பட்டனில் கிளிக் செய்து, நண்பர்களின் மெயில் முகவரிகளைத் தரவும். எழுதப் போகிறவர்களுக்கு 'எடிட்டர்', பார்க்க மட்டும் விரும்புவோருக்கு 'வியூவர்' என்று தேர்ந்தெடுத்து 'சென்ட்' அழுத்தவும். கீழே 'ஜெனரல் ஆக்சஸ்' என்ற இடத்தில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்றே இருக்கட்டும். அப்போதுதான் நீங்கள் அழைத்தவர்கள் மட்டும் பார்ப்பார்கள், மனம் விட்டு எழுதுவார்கள்.

எங்கள் சார் கண்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயைத் தட்டி, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு தாமே டைப் செய்கிறார். போன மாதம் ஒரு நாவலுக்கு 2 போட்டிருந்தார். 'ஏன்?' என்ற இடத்தில், "நாற்பது பக்கமாக மழை பெய்கிறது, கதை நகரவில்லை. எனக்கு அவ்வளவு நாள் இல்லை" என்று இருந்தது. 'யாருக்கு?' என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு, "நீ இப்போதெல்லாம் ரொம்ப வேகமாகப் படிக்கிறாய். இதைப் படி" என்று எழுதியிருந்தார். எடுத்துப் படித்தேன். நான் 5 போட்டேன். ஏன் என்றும் எழுதினேன்.

கடைசியாகப் படித்த மூன்று புத்தகங்களை இன்றைக்கே பதிந்து பாருங்கள். எண்ணைப் போட ஒரு நிமிடம் ஆகாது. 'ஏன்?' எழுதக் கால் மணி நேரம் யோசிக்க வேண்டியிருக்கும். யோசித்தே எழுதுங்கள்.