மதுரையில் காரை எங்கே விடுவது?

"காரைக் கோயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய் விடுகிறோமோ, அவ்வளவு நேரம் மிச்சம்." மதுரையை ஒரே நாளில் பார்க்கக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். யாரோ ஒரு சித்தப்பா போன வருடம் அம்மன் சன்னிதிக்கு எதிரிலேயே விட்டாராம், டிரைவருக்கு ஒரு சந்து தெரியுமாம். இதை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளியூர் வண்டிகள் மாசி வீதிக்குள் நுழைந்து திணறுகின்றன. இப்படிப் போனால் நேரம் மிச்சமாவதில்லை, வீணாகிறது.

நகரமைப்புப் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன், கிளம்புமுன் மதுரையின் வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். நடுவில் கோயில். மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதையடுத்து ஆவணி மூல வீதி, பிறகு மாசி வீதி, கடைசியில் வெளி வீதி. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள். நாயக்கர் காலத்தில் இந்த வடிவம் பெற்ற வீதிகளில் சாமி புறப்பாடு கோயிலைச் சுற்றி வரும். சித்திரைத் தேர் இன்றும் மாசி வீதிகளில்தான் ஓடுகிறது. சுற்றி வருவதற்காகப் போட்ட வீதிகளில் நேராக நடுவுக்குப் போக நினைத்தால் எப்படி முடியும்?

இப்போது இவற்றில் பல ஒருவழிப் பாதைகள். ஒரு திருப்பத்தைத் தவறவிட்டால் அடுத்த பக்கம் முழுக்கச் சுற்ற வேண்டும். எல்லாம் சுற்றி உள்ளே போனாலும் சித்திரை வீதிகள் நான்கிலும் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. தடுப்புக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க, வண்டியைத் திருப்ப இடமில்லாமல் தவிப்பதற்கா இத்தனை அவசரம்?

நடப்பதற்கு ஏன் இவ்வளவு பயம்? ரயில் நிலையம் இருப்பது மேல வெளி வீதியில். அங்கிருந்து டவுன்ஹால் ரோடு வழியே மேலக் கோபுரம் ஒரு கிலோமீட்டருக்குள்தான், கால் மணி நேர நடை. வெளி வீதி இருக்கும் இடத்தில் ஒரு காலத்தில் கோட்டையும் அகழியும் இருந்தன. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். அந்த வேலையைச் செய்தவர்களின் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன. பழைய ஊர் அந்த எல்லையோடு முடிந்தது. உங்கள் காரும் அங்கேயே நிற்கட்டும். வேன், பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லீஸ் நகரில் நிறுத்திவிட்டு ஆட்டோ பிடிக்கலாம்.

நடக்க முடியாத பெரியவர்கள் கூட வந்தால்? வடக்கு ஆவணி மூல வீதியில், பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில், மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. விடியற்காலையில் போகிறவர்களுக்கு அது சரி. கடைகள் திறந்த பிறகு அதைத் தேடி அலைய வேண்டாம். காரை வெளியே விட்டுவிட்டு, பெரியவர்களை மட்டும் ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள்.

காரில் போகிறவர்கள் எதையெல்லாம் பார்க்காமல் போகிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். காந்தி 1921 செப்டம்பரில் மேல மாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தபோதுதான் அரையாடைக்கு மாறினார். அந்த வீட்டைக் கடந்து போகிறோம் என்றே காருக்குள் இருப்பவருக்குத் தெரிவதில்லை. கோயிலிலிருந்து திருமலை நாயக்கர் மகாலுக்கு எல்லாரும் வண்டியைத் தேடுகிறார்கள். விளக்குத்தூண் வழியாக நடந்து பாருங்கள். அந்த விளக்குத்தூணே பிளாக்பர்ன் நினைவாக ஊரார் வைத்ததுதான். பக்கத்துச் சந்தில் திரும்பினால் பத்துத்தூண். திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம் அது. வட்டமான பெரிய கல்தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் ஜவுளிக்கடை, தலைக்கு மேல் கம்பிகள். துணிமூட்டை தூக்கிவருகிறவருக்கு ஒதுங்கி வழிவிட்டு, கையை நீட்டினால் தூணைத் தொடலாம். இதைப் பார்த்த பிறகு மகாலுக்குள் போனால்தான், அங்கே எஞ்சியிருப்பது பழைய அரண்மனையில் ஒரு பகுதி மட்டுமே என்பது உறைக்கும்.

அதனால்தான் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்: மாசி வீதிகளுக்குள் வெளியூர்க் கார்களே வரக் கூடாது. மேலக் கோபுரத்திலிருந்து மகால் வரைக்கும் நிழலும் குடிநீரும் சுத்தமான கழிப்பறையும் உள்ள நடைபாதை வேண்டும். கார் நிறுத்த இன்னொரு கட்டடம் கட்டினால், அதை நிரப்ப இன்னும் நூறு கார்கள் உள்ளே வரும், அவ்வளவுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மத்தியானம் போனால் கூட்டம் இருக்காது என்கிறார்கள். மத்தியானம் கோயிலே திறந்திருக்காது. பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். விடிந்ததும் கோயில், வெயில் ஏறியதும் மகால், அதன்பின் வைகையைத் தாண்டித் தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகம். வரிசை இப்படி இருக்கட்டும்.

செல்போனை எப்படியாவது உள்ளே கொண்டுபோய்விடலாம் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 2018 முதல் தடை இருக்கிறது, வாசலில் ஒப்படைத்தே ஆக வேண்டும். பிரிந்துபோனால் கூப்பிட வழியில்லை. எந்தக் கோபுர வாசலில் செருப்பை விட்டீர்கள், எங்கே கூடுவது என்பதைக் குழந்தைகளுக்கும் சொல்லிவிட்டு நுழையுங்கள்.

ஆயிரங்கால் மண்டபத்தில் ஆயிரம் தூண்களை எண்ண வேண்டாம், 985தான் இருக்கின்றன.

சித்திரைத் திருவிழாவில் வந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்பதும் தவறு. அப்போது திருவிழாவைப் பாருங்கள், ஊரைச் சுற்றிப் பார்க்க வராதீர்கள்.

கடைசியாக, அதே நாளில் திருப்பரங்குன்றத்தையும் அழகர்கோயிலையும் சேர்த்துவிடலாம் என்பவர்களுக்கு. ஒன்று தெற்கே, மற்றது வடக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி. இரண்டு கோயில்களிலும் மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். அவற்றுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். அன்றைக்குக் கார் தாராளமாகப் பயன்படும்.