ஒரு மரபணுவின் மேல் பழி போடாதே

அன்புள்ள தம்பிக்கு,

காட்டாங்குளத்தூரில் மரபியல் படிக்கும் உன்னிடம், மனச்சிதைவு நோய்க்கு டோபமைன் ஏற்பி மரபணுதானே காரணம் என்று உறவினர் யாராவது கேட்கக்கூடும். நோய் உள்ள குடும்பத்தில் பெண் கொடுப்பதா வேண்டாமா என்ற யோசனைதான் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும். அவசரப்பட்டு ஆமாம் சொல்லிவிடாதே. சந்தேகம் பிறந்த வழி என்னவோ நியாயமானதுதான். 1950களில் இந்த நோய்க்குக் குளோர்புரோமசின் மருந்து புழக்கத்துக்கு வந்தது. 1970களில் ஆய்வாளர்கள் சீமனும் ஸ்னைடரும் தனித்தனியே ஓர் ஒழுங்கைக் காட்டினார்கள்: ஒரு மருந்து டோபமைனின் டி2 ஏற்பியை எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ, அவ்வளவு குறைந்த அளவே நோயாளிக்குப் போதும். அப்படியானால் அந்த ஏற்பியின் மரபணுதான் பழுது என்று பலர் முடிவுகட்டினார்கள். முடிச்சூரில் வெள்ளம் வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்குகிறோம், தண்ணீர் நிற்கிறது. அதற்காக வாசலால்தான் வெள்ளம் வந்தது என்று யாராவது சொல்வோமா?

2014இல் அந்த ஏற்பியின் மரபணுவான டிஆர்டி2 அகப்பட்டதே என்று நீ மறுக்கலாம். அகப்பட்டது உண்மை. 36,989 நோயாளிகளின் மரபணுக்களை அலசிய பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புள்ள 108 இடங்களைக் கண்டது. அவற்றுள் ஒன்று 11ஆம் குரோமோசோமில் உள்ள டிஆர்டி2. மருந்தும் மரபும் ஒரே இடத்தைச் சுட்டியதை நான் பெரிதாகவே மதிக்கிறேன். ஆனால் மிச்சம் 107 இடங்கள் இருக்கின்றன. 2022இல் மொத்தம் 287 ஆயிற்று. ஒவ்வொன்றும் ஆபத்தைக் கூட்டுவது இம்மியளவே. மரபுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்லிவிடாதே. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு வரலாம். மற்ற ஒன்பது பேருக்கு வருவதில்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரிலேயே ஒருவருக்கு வந்து மற்றவருக்கு வராதிருப்பது பாதிக்குக் குறையாது.

நம் ஊர்ச் சான்றையும் பார். மனநல மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, 3,000க்கும் மேற்பட்ட இந்தியரை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். முன்னுக்கு வந்தது 8ஆம் குரோமோசோமில், பி3 வைட்டமினைக் கையாளும் ஒரு மரபணு. டிஆர்டி2 பொய் என்று இதற்குப் பொருள் கொள்ளாதே; இம்மியளவு விளைவைப் பிடிக்க 3,000 பேர் போதாது. நம் மக்களின் மரபணுக்கள் இன்னும் எவ்வளவு குறைவாகப் படிக்கப்பட்டிருக்கின்றன என்பதைத்தான் அது காட்டுகிறது. அந்த வேலைக்கு உன் போன்றவர்கள் வரவேண்டும். அதுவரை, கேட்கும் உறவினரிடம் இதைச் சொல்: டிஆர்டி2 பரிசோதனையை வைத்து எந்த மருத்துவரும் இந்த நோயைக் கண்டறிவதில்லை. அதைக் காட்டி ஒரு குடும்பத்தைத் தள்ளிவைக்க யாருக்கும் நியாயமில்லை.