24.2 என்று வந்திருக்கிறதே

காரைக்காலில் இருக்கும் என் கண்ணுக்கு,

கல்லூரி முகாமில் உன் பி.எம்.ஐ. 24.2 என்று எழுதிக் கொடுத்தார்களாமே. ஒரு தோழி ‘நார்மல்தான்’ என்கிறாள், இன்னொருத்தி ‘எடை கூடிடுச்சு’ என்கிறாள், நீ ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டாய் என்று அக்கா போனில் வருத்தப்பட்டாள். முதலில் சாப்பிடு. பிறகு எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் இந்தக் கணக்கை நீயே போட்டுப் பார்.

நாம் உயரத்தை அடியில்தான் சொல்வோம். இதற்கு மீட்டர் வேண்டும். 5 அடி 3 அங்குலம் என்பது 63 அங்குலம், 2.54-ஆல் பெருக்கினால் 160 சென்டிமீட்டர், அதாவது 1.6 மீட்டர். 1.6-ஐ அதே 1.6-ஆல் பெருக்கினால் 2.56. உன் எடை 62 கிலோவை 2.56-ஆல் வகு: 24.2. உயரத்தை உயரத்தால் பெருக்க மறந்தால் 38-க்கு மேல் வந்து பயமுறுத்தும்.

இந்தக் கணக்கின் மூலவர் அடால்ஃப் கெத்தலே என்ற பெல்ஜியக்காரர். மருத்துவர் அல்ல, வானியலும் புள்ளியியலும் படித்தவர். வளர்ந்த மனிதர்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1830-களில் கண்டார். பி.எம்.ஐ. என்ற பெயரை 1972-இல் வைத்தவர் அமெரிக்காவின் ஆன்சல் கீஸ். கெத்தலே தேடியது மக்கள் கூட்டத்தின் சராசரியை; ஒரு பெண்ணின் உடல்நலத்தை அல்ல. இதை மறக்காதே.

உலக சுகாதார நிறுவனத்தின் பொதுக் கணக்கில் 18.5-க்குக் கீழே எடைக்குறைவு, 25 முதல் அதிக எடை, 30 முதல் உடல்பருமன். உன் முதல் தோழி பார்த்தது இதைத்தான். ஆனால் ஆசியர்களுக்கு 23-லேயே ஆபத்து கூடத் தொடங்குகிறது என்று அதே நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்னது. இந்திய மருத்துவர்கள் 2009-இல் 23 முதல் அதிக எடை, 25 முதல் உடல்பருமன் என்று வரையறுத்தார்கள். அதன்படி நீ கோட்டைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறாய்.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? புனேயின் மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனின் யுட்கினும் சேர்ந்து நிற்கும் படமொன்று 2004-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடல் கொழுப்பு மட்டும் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! ஒரே எண்ணுக்குள் நம் உடம்பு அதிகக் கொழுப்பை ஒளித்துவைக்கிறது, அதுவும் வயிற்றில். சர்க்கரை நோய் நம்மைச் சீக்கிரம் பிடிப்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மாறாக, காரைக்கால்மேட்டில் நாளெல்லாம் வலை இழுக்கும் ஒருவருக்கு 26 வரலாம். அது தசையின் எடையாக இருக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. உன் தம்பிக்குப் போட்டுப் பார்க்காதே. வளரும் பிள்ளைகளுக்கு வயதுவாரியான அட்டவணை தனியாக இருக்கிறது.

ஆகவே டேப்பையும் எடு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் அள. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதற்கு மேல் போகக் கூடாது. உன் உயரத்துக்கு 23 என்பது 59 கிலோ. மூன்று கிலோதான் வித்தியாசம். பட்டினி கிடக்கத் தேவையே இல்லை. சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனையும் கீரையையும் கூட்டு. சாயங்காலம் கடற்கரையில் வேகமாக நட.

47 கிலோவுக்குக் கீழே போனால் 18.5-க்கும் கீழே இறங்கிவிடுவாய். அதுவும் எனக்குக் கவலைதான்.

அப்பாவின் வயிற்றையும் அளந்துவிடு. 90-ஐத் தாண்டியிருந்தால் காலையில் வெறும் வயிற்றோடு அழைத்துப்போய்ச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணு.

அன்புடன்,
சித்தி