முன்கதைக்கு எழுதும் பதில்

பாலிக் புலாவ்

அன்பு மருமகளுக்கு,

நீ நடத்தப்போகும் பாத்திர ஆட்டத்துக்காக உன் நண்பர்கள் எழுதிய ஐந்து முன்கதைகளையும், ஒவ்வொன்றின் கீழும் நீ எழுதி வைத்திருக்கும் குறிப்புகளையும் படித்துவிட்டேன். குறிப்புகளை அவர்களுக்கு அனுப்புவதற்கு முன்னால் என்னிடம் காட்டியது நல்லதாகப் போயிற்று. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

கதைக்களம் அருமை. 1821 நவம்பரில் சயாம் படை கெடாவுக்குள் புகுந்து, சுல்தான் பினாங்குக்குத் தப்பி வந்து, அகதிகள் படகு படகாகக் கரையேறிக்கொண்டிருந்த நேரம். அடுத்த வருடத் தொடக்கத்தில் தஞ்சோங் நகரத்தில் ஆரம்பித்து, மலையைத் தாண்டி நம் பாலிக் புலாவுக்கு வந்து முடிகிற கேம்பெய்ன். சத்திரம், டிராகன், கல்கோட்டை என்று இரவல் வாங்காமல் நம் தீவையே எடுத்தாயே, அதற்காகவே உன்னைப் பாராட்ட வேண்டும். நம் மலேசியாவிலேயே செடெக் சியூவும் முன் காவும் 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' என்ற சிறு புத்தக வரிசையில் இந்த வட்டாரத்து மண்ணிலிருந்தே ஆட்ட உலகங்களை எழுப்பிக் காட்டியிருக்கிறார்கள். கிடைத்தால் வாங்கிப் படி.

இனி உன் குறிப்புகள். 'நீளம், சுருக்கவும்.' 'வயது இடிக்கிறது.' 'இன்னும் விவரம் தேவை.' 'லெவலுக்குப் பொருந்தாது.' எதிலும் பொய் இல்லை. ஆனால் இதைப் படிக்கிற நண்பனுக்கு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. தான் எழுதியது உனக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பல வருடம் பள்ளியில் கட்டுரை நோட்டு திருத்தியவன் நான். கட்டுரையில் மதிப்பெண் போட்டதோடு வேலை முடிந்தது. முன்கதையில் நீ படித்து முடித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அது உன்னிடம் ஒருவர் வைக்கும் விண்ணப்பம்: 'எனக்கு இந்த மாதிரி ஆட்டம் வேண்டும், இந்த மாதிரி ஆளாக இருந்து பார்க்க ஆசை.' அந்த ஆசை உன் காதில் விழுந்தது என்று உன் பதிலின் முதல் வரியிலேயே அவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்கப்புறம் நீ சொல்கிற குறைகள் தானாக வேறு தொனியில் கேட்கும்.

மருது பாண்டியர் படையில் இருந்தவனாகத் தன் பாத்திரத்தை நான்கு பக்கம் எழுதியிருக்கிறானே, அவனையே எடுத்துக்கொள்வோம். வயது இடிப்பது உண்மைதான். மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டது 1801 அக்டோபரில். சின்ன மருதுவின் மகன் துரைசாமியையும் இன்னும் 72 பேரையும் தூத்துக்குடியில் கப்பலேற்றி, பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு என்று அப்போது அழைக்கப்பட்ட இந்தப் பினாங்குக்கு நாடு கடத்தியது 1802 பிப்ரவரியில். உன் கதை 1822. அன்றைக்கு வாள் பிடித்தவனுக்கு இப்போது நாற்பதாவது ஆகியிருக்கும். அவன் எழுதியிருப்பதோ இருபத்திரண்டு வயது இளைஞன்.

பிழையைச் சொல். சொல்லும்போதே இரண்டு வழியையும் காட்டு. ஒன்று, இருபது வருடம் இங்கே கைதியாகச் சாலை போட்டுக் காய்ப்பேறிய கையோடு இருக்கும் நடுவயதுக்காரனாகவே ஆடலாம். இந்தத் தீவின் பழைய சாலைகளில் கைதிகளின் உழைப்பு நிறைய இருக்கிறது. இன்னொன்று, நாடு கடத்தப்பட்டவருக்கு இங்கேயே பிறந்த மகனாக ஆடலாம். மருதுவின் சிவகங்கைச் சீமையை அவன் கண்ணால் பார்த்ததே இல்லை. அப்பா ராத்திரியில் சொல்லும் கதையாக மட்டும் தெரியும். 'இதில் எது உனக்குப் பிடிக்கிறது?' என்று கேட்டு விட்டுவிடு. மூன்றாவதாக அவனே ஒன்று சொன்னால் இன்னும் நல்லது. பாத்திரம் அவனுடையது. வருடக்கணக்கு சரியாக வருகிறதா என்பது மட்டும்தான் உன் பொறுப்பு.

நான்கு பக்கத்தில் உன் கண்ணில் படாமல் போன பெரிய குறை வேறு. எல்லாரையும் கொன்றுவிட்டான். அப்பா, அண்ணன், ஆயுதம் கற்றுக்கொடுத்த குரு, கட்டிக்கொள்ளப் போகிற பெண், ஒருவர் மிச்சமில்லை. ஆட்டம் ஓடும்போது அவன் கதவைத் தட்ட உனக்கு ஆளே இல்லை. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவ அதிகாரி 1830இல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் ஓர் இடம் வரும். அவர் இளம் அதிகாரியாக மதுரைப் பக்கம் இருந்த காலத்தில் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது. பின்னால் அதே மருதுவுக்கு எதிரான போரில் வெல்ஷ் கம்பெனிப் படையில் இருந்தார். 1818இல் அவர் பினாங்கு வந்தபோது, தளர்ந்து உருக்குலைந்த ஒருவர் எதிரே வந்து நின்றார். துரைசாமி. பதினைந்து வயதில் கப்பலேற்றப்பட்டவர், முப்பதைச் சற்றே தாண்டிய வயதில் கிழவரைப் போல ஆகியிருந்தார். எழுதி இத்தனை காலம் ஆகியும் அந்த இடம் நம்மை உலுக்குகிறதென்றால், இரண்டு பேரும் உயிரோடு இருந்ததுதான் காரணம். ஒருவர் மற்றவரின் தகப்பனாரிடம் பட்ட கடன் தீராமல் நடுவில் நிற்கிறது. இந்தத் தீவில் நடந்த இதை அந்த நண்பனிடம் சொல்லு. 'உன் பாத்திரத்துக்கு இப்படி உயிரோடு ஒருவர் இருந்தால் அது யார்?' என்று கேள்.

ஆட்டக்காரர்கள் ஏன் சொந்தபந்தத்தை முழுக்கச் சாகடிக்கிறார்கள் தெரியுமா? அனாதைக் கதை எழுத ஆசைப்பட்டு மட்டும் இல்லை. அம்மாவை எழுதிவைத்தால், இரண்டாம் செஷனிலேயே கேம் மாஸ்டர் அவளை வில்லனிடம் பிணையாகக் கொடுத்துவிடுவார் என்ற பயம். வேறு மேசைகளில் அடிபட்டவர்களுக்கு இந்தப் பயம் நிறைய. அதனால் அந்தக் கேள்வியோடு ஒரு வாக்கும் கொடு: 'நீ எழுதுகிற ஆளை உன்னைக் கேட்காமல் கொல்ல மாட்டேன், கெட்டவராகவும் மாற்ற மாட்டேன்.' கொடுத்தால் காப்பாற்று.

'சுருக்கவும்' என்பதை அடித்துவிடு. ஆசையாக எழுதியவனை வெட்டச் சொல்லாதே. மேசையில் மற்ற நாலு பேருக்கும் தெரிய வேண்டியதை ஐந்து வரியில் தனியாகத் தரச் சொல்; மீதி அவனுக்கும் உனக்கும். எனக்கானால் அவனுக்கு இப்படி எழுதுவேன்: 'கப்பலேறும் முன் வளரியைத் தூத்துக்குடி மணலில் புதைக்கிற இடத்தை இரண்டு முறை படித்தேன். அதை யாராவது பார்த்தார்களா? பார்த்தவர் பின்னால் இந்தத் தீவுக்கு வந்திருக்க வாய்ப்பு உண்டா?' அவ்வளவுதான். பிடித்த இடம் எது என்று பெயர் சொல்லியாயிற்று, கேள்வியும் அந்த இடத்திலிருந்தே வந்தாயிற்று. 'சூப்பர், நல்லா இருக்கு' என்று எழுதினால் நீ படித்தாய் என்பதற்கே சாட்சி இல்லை.

நாகூர் வியாபாரியாக ஆடப்போகிறவன் ஒரே வரிதான் அனுப்பியிருக்கிறான், பணம் சம்பாதிக்க வந்தவன் என்று. அவனை விவரம் கேட்டு நெருக்காதே. 1974இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வந்தபோது யாரும் பக்கம் பக்கமாக முன்கதை எழுதிக்கொண்டு உட்காரவில்லை. 1977இல் வந்த டிராவலர் ஆட்டத்தில் பாத்திரத்தின் கடந்த காலத்தையே பகடை உருட்டித்தான் தெரிந்துகொள்வார்கள். ஆட்டம் தொடங்குவதற்குள் பாத்திரம் செத்துப்போனாலும் போகும். 2009இல் வந்த ஃபியாஸ்கோவில் தனி ஆளின் கதைக்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு என்ன உறவு என்பதைத்தான் முடிவு செய்வார்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு 2014இல் குணம், கொள்கை, பிடிப்பு, குறை என்று நாலு கட்டம் கொடுத்தது. எழுத்து ஒரு வழி, அவ்வளவே. சிலருக்கு வாயில் வரும், கையில் வராது.

கூத்தில் கட்டியங்காரனைப் பார்த்திருக்கிறாய். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளியே வந்ததும், 'தாங்கள் யார், எந்த நாடு, என்ன காரியமாக வந்தீர்கள்?' என்று விடாமல் கேட்பான். ராஜாவின் வரலாறு சபைக்குத் தெரிவது அந்தக் கேள்விகளால்தான். நாகூர் வியாபாரிக்கு நீ கட்டியங்காரனாக இரு. முதல் செஷனில் எல்லார் முன்னாலும் கேள்: 'நாகூரில் யார் பணத்தில் கப்பலேறினாய்? சூலியா தெருவில் யார் எதிரே வந்தால் சந்துக்குள் ஒதுங்குவாய்?' சட்டென்று வருகிற பதிலை அங்கேயே குறித்துக்கொள். அவன் முன்கதை தயார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801லேயே எழுந்துவிட்டது என்பதையும் அவன் காதில் போட்டு வை. வெள்ளிக்கிழமை ஊர் வியாபாரிகள் எல்லாரையும் ஓரிடத்தில் பார்க்கலாம் என்றால் அவனே கதை கட்டுவான்.

இருபது கடற்கொள்ளையரை ஒற்றை ஆளாக வென்ற சீனத் தோட்டக்காரன் விஷயம் சின்னது. முதல் லெவலில் அது முடியாது என்று நீ எழுதியது விதிப்படி சரி. 'ஊரில் அப்படி ஒரு பேச்சு உலவுகிறது. உண்மையில் அன்று என்ன நடந்தது?' என்று கேட்டுப் பார். வீரமும் இருக்கும், லெவலும் இடிக்காது, அந்தப் பேச்சை நம்பிச் சவால் விட வருகிறவனும் உனக்குக் கிடைப்பான்.

கெடாவிலிருந்து தப்பி வந்த பெண்ணை எழுதியவளின் கதையை நிதானமாக இரண்டு தடவை படித்தேன். குழந்தையைப் பறிகொடுத்தது, வழியில் அவளுக்கு நேர்ந்தது, எல்லாம் கூசாமல் எழுதியிருக்கிறாள். இதற்கு எந்தக் குறிப்பும் எழுதி அனுப்பாதே. வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நேரில் தனியாக உட்கார்ந்து, எதை மேசையில் பேசலாம், எது நடந்ததாக மட்டும் இருந்து காட்சியாக வரக்கூடாது, எதைத் தொடவே கூடாது என்று அவளிடமே கேள். ஏன் எழுதினாய் என்று கேட்காதே. அவள் தானாகச் சொன்னால் கேட்டுக்கொள். மற்றவர்களுக்கும் இந்தக் காட்சிகள் தாங்குமா என்று பொதுவாக விசாரித்து வை. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் ஏற்படுத்திய எக்ஸ் கார்டு முறை தெரியுமல்லவா, நடுவில் கிடக்கும் அட்டையை யார் தொட்டாலும், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை விட்டு நகர்வது. முதல் நாளிலிருந்தே அந்த அட்டை மேசையில் இருக்கட்டும். இங்கே பாலிக் புலாவ் கம்போங்குகளில், கெடாவிலிருந்து அப்படி ஓடி வந்தவர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்ளும் மலாய்க் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. அதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தக் காட்சிகளை நடத்து.

கடைசி முன்கதைக்குக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதே. கைதிக் கூட்டத்தில் ஒருவனைச் சாதி பெயரைச் சொல்லி, பிறவியிலேயே திருட்டுப்புத்தி உள்ளவன் என்று எழுதியிருக்கிறான். கதைக்குத்தானே என்பான். அந்தக் காலத்தில் அப்படித்தான் பேசினார்கள் என்பான். அப்படிப் பேசுகிற ஒரு பாத்திரம் கதையில் வந்து, அதற்கு எதிர்ப்பும் வந்தால் அது வேறு. கதையே அதை உண்மையென்று சொல்வது வேறு. இது நம் மேசையில் நடக்காது என்று நேராகச் சொல்லிவிடு. குரலை உயர்த்த வேண்டாம், சமாதானமாகச் சிரிக்கவும் வேண்டாம். மற்ற எல்லாவற்றிலும் முடிவை அவர்களிடம் விடச் சொன்னேன். இதில் முடிவு உன்னுடையது. அந்தக் கைதியை வேறு எப்படி எழுதலாம் என்று அவன் கேட்டால், அன்றைக்கே அவனோடு உட்கார்ந்து எழுதிக் கொடு.

அனுப்புகிற வரிசையும் முக்கியம். இவனிடம் முதலில் பேசு, தள்ளிப்போடாதே. அடுத்து கெடாப் பெண்ணை எழுதியவள். மருதுக்காரனுக்கும் தோட்டக்காரனுக்கும் எழுத்தில் அனுப்பலாம், ஆளுக்கு ஒரு பாராட்டும் ஒன்றிரண்டு கேள்வியும் போதும். பத்துக் குறிப்பு கொடுத்தால் எதற்கும் பதில் வராது. நாகூர்க்காரனுக்கு மேசையில் பார்த்துக்கொள்ளலாம். டுரியான் விழ ஆரம்பித்துவிட்டது. ஐந்து பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே கூட்டிக்கொண்டு வா. ஜாதிக்காய் மரத்தடியில் நின்று, வெடித்த காயில் ஜாதிபத்திரி எப்படிச் சிவப்பு வலையாக ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், தோட்டக்காரனாக ஆடுகிறவனுக்குப் பேச்சு தானாக வரும்.

நீ மூன்றாம் செஷன் வரைக்கும் காட்சி காட்சியாக எழுதி வைத்திருப்பதாகச் சொன்னாய். முதல் செஷனோடு நிறுத்திக்கொள். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்கு இடம் வைக்காமல் இருந்தால், கேட்டதே சடங்கு என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். வளரியை மணலில் புதைத்ததைப் பார்த்தவர் யார் என்று அவன் சொல்லட்டும், அதற்குப் பிறகு மூன்றாம் செஷனை எழுது.

அன்புடன்,
உன் மாமா