உதவித்தொகையும் உடன் நின்றவர்களும்

பாலக்கோட்டுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிராக்டரின் பின்னே பேருந்து ஊர்ந்து செல்வதை அப்பக்கத்து மாணவியர் நன்கு அறிவர். அது என்ன ரகம் என்று உழவரைக் கேட்டால் "கோ 86032" என்பார். அல்லது வேறோர் எண்ணைச் சொல்வார். எண்ணுக்கு முன்னே நிற்கும் "கோ" என்பது கோயம்புத்தூரைக் குறிக்கும். அங்கே 1912-ஆம் ஆண்டில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியது. நாணலைப் போல மெலிந்து வளரும் காட்டுக் கரும்பையும் நாம் தின்னும் கரும்பையும் கலந்து உண்டாக்கிய "கோ 205" 1918-இல் அங்கிருந்து வெளிவந்தது. அந்நிலையத்தில் 1934 முதல் 1939 வரை அமர்ந்து, கரும்பின் செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம்களை ஆராய்ந்தவர் ஓர் அம்மையார். அவர் பெயர் இ. கே. ஜானகி அம்மாள். அவர் எவ்வாறு அந்த நாற்காலிக்கு வந்தார், வருவதற்கு யார் யார் உடன் நின்றனர் என்பதையே நாம் இங்குக் காண விழைகிறோம்.

அதற்குக் காரணம் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் நம் மாவட்டத்து வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். மேலே படிக்க வைக்கப் பணம் எங்கே என்பது ஒன்று. போகிற ஊரில் பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பது மற்றொன்று. முதற்கேள்விக்கு விடைகள் பெருகி வருகின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தர வகை செய்தது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியருக்கும் அது விரிந்தது. இரண்டாம் கேள்வியையோ, படித்தவர்களாகிய நாம் பழமை என்று ஒதுக்கிவிடுகிறோம். சிட்டேரி மலையிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் வரும் தாய்மார்கள் அதைக் கேட்கும்போது சற்றே பொறுமை இழக்கவும் செய்கிறோம். ஆனால் அது நல்ல கேள்வி. பணத்தைவிட அதுவே பெரிய கேள்வி என்றுகூட நாம் எண்ணுகிறோம்.

ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் பிறந்தார். தந்தையார் சப்-ஜட்ஜ்; தோட்டத்திலும் பறவைகளிலும் மிகுந்த ஈடுபாடு உடையவர். வீட்டில் பிள்ளைகள் பத்தொன்பது பேர். (இன்று ஒரு வகுப்பில் பாதி!) தலச்சேரித் திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியில் கற்றபின் சென்னைக்கு வந்து, இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921-இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். செடியின் புறத்தோற்றத்தைவிட அதன் செல்லுக்குள் நடப்பதை அறிய வேண்டும் என்ற ஆவலை அவருக்கு ஊட்டியவர்கள் மாநிலக் கல்லூரி ஆசிரியர்கள். பின்பு சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியை ஆனார்.

உடன்பிறந்த பெண்கள் ஒவ்வொருவராக மணமாகிச் சென்றனர். இவருக்கும் உறவிலேயே மாப்பிள்ளை பேசினார்கள். அவ்வேளையில்தான், 1924-இல், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து பார்பர் உதவித்தொகை கிடைத்தது. திருமணத்தை விட்டு அவர் கப்பல் ஏறினார். இது எளிதாக எழுதிவிடக்கூடிய ஒரு வரி; அன்றைய குடும்பத்தில் அது எத்தனை நாள் பேச்சாக இருந்திருக்கும் என்பதை நம் மாணவியர் தாமே ஊகித்துக்கொள்ளலாம். நியூயார்க்குத் துறைமுகத்தை அடைந்தபோதும் உடனே உள்ளே விடவில்லை. அனுமதி உறுதியாகும்வரை எல்லிஸ் தீவில் காத்திருக்க நேர்ந்தது.

அந்த உதவித்தொகை எத்தகையது என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். லீவை பார்பர் என்பவர் மிச்சிகனில் பயின்றவர். பின்னர் அதன் ஆட்சிக்குழுவிலும் இருந்தவர். ஆசிய நாடுகளில் பயணம் செய்தபோது, மிச்சிகனில் மருத்துவம் கற்றுத் தாய்நாடு திரும்பிய பெண்கள் அங்கே ஆற்றிவந்த தொண்டைக் கண்டு வியந்தார். 1896-இல் அங்கு பட்டம் பெற்ற சீனப் பெண்கள் இருவர் அவர்களுள் முக்கியமானவர்கள். இத்தகைய பெண்கள் இன்னும் பலர் உருவாக வேண்டும் என்று, ஆசியப் பெண்களுக்கென்றே 1917-இல் ஓர் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். பெண்கள் வரவேண்டும், கற்கவேண்டும், தம் மக்களிடம் திரும்பிச் சென்று பணிபுரியவேண்டும் என்பது அதன் கருத்து.

பணம் மட்டும் கொடுத்துவிட்டு, கடல் கடந்து வந்த பெண்ணைத் தெருவில் விட்டுவிடவில்லை. ஜானகி அம்மாள் பல்கலைக்கழக வளாகத்திலேயே, மார்த்தா குக் என்னும் பெண்கள் விடுதியில் தங்கினார். அவரைப் போலவே கீழ்நாடுகளிலிருந்து வந்த பார்பர் மாணவியர் துணை இருந்தனர். அவர் சென்ற காலத்தையொட்டி அங்கே உயிரியல் பயின்ற சீன மாணவி வூ யி-ஃபாங். 1928-இல் முனைவர் பட்டம் பெற்று, நான்கிங்கிலுள்ள ஜின்லிங் மகளிர் கல்லூரியின் தலைவியாகி, 1945-இல் ஐக்கிய நாடுகள் சாசனத்தில் கையொப்பமிட்ட நான்கே பெண்களுள் ஒருவரானார். பென்னாகரத்துத் தாய் கேட்கும் கேள்வியை 1917-இலேயே யாரோ கேட்டு, அதற்கு விடையும் கட்டி வைத்திருந்தனர் என்பதை நோக்குக.

இனி ஆசிரியர். தாவரவியல் துறையில் அவரை வழிநடத்தியவர் ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட் என்னும் பேராசிரியர். அவரிடம் கற்ற கலை எத்தகையது என்று அறிந்தால்தான் வழிகாட்டியின் தேவை விளங்கும். வெங்காய வேரின் நுனியைச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது நம் பன்னிரண்டாம் வகுப்பு மாணவியருக்குத் தெரிந்த செய்முறையே. அக்காலத்தில் அதையே இன்னும் பொறுமையாகச் செய்தனர். வேர்நுனியையோ மொட்டையோ மருந்தில் இட்டு நிலைப்படுத்துவர், மெழுகில் பதிப்பர், தாளினும் மெல்லிய சீவல்களாக அறுப்பர், சாயம் ஏற்றிக் கண்ணாடி வில்லையில் பரப்புவர். பின்பு நுண்ணோக்கியில் பார்த்தால், சிறு கோல்களைக் கலைத்துப் போட்டதுபோல் குரோமோசோம்கள் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று கிடப்பது ஒன்றா இரண்டா? அறுத்தபோது பாதி போயிற்றா? புத்தகம் இதற்கு விடை சொல்லாது. பக்கத்தில் அமர்ந்து, "மறுபடி எண்ணு" என்று சொல்லவும், தாம் எண்ணியதும் மாணவி எண்ணியதும் ஒவ்வாதபோது இருவரும் சேர்ந்து மறுபடி பார்க்கவும் ஓர் ஆள் வேண்டும். சமையலும் தையலும் கற்பதுபோல, கையும் கண்ணும் பழகவேண்டிய கல்வி அது.

முதுகலைப் பட்டத்துடன் அவர் சென்னைக்குத் திரும்பி மீண்டும் கற்பித்தார். ஆயினும் ஆன் ஆர்பரோடு கொண்ட தொடர்பு அறவில்லை. பார்பர் ஆய்வாளராக மறுபடியும் சென்று, 1931-இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். அவர் ஆராய்ந்தது நிக்காண்ட்ரா என்னும் செடி. நம் சந்தைகளில் குவியும் தக்காளியும் கத்தரியும் சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது. ஒருமுறை போய் முடியாததை இரண்டாம் முறை போய் முடிக்கலாம் என்பது, இடையில் படிப்பை நிறுத்த நேர்ந்த நம் பழைய மாணவியருக்கு உரிய செய்தி.

கோயம்புத்தூருக்கு வந்தபோது அவருக்கு அத்தகைய துணை இல்லை. கரும்பைச் சோளத்தோடும், மக்காச்சோளத்தோடும், வேறு புல்லினங்களோடும் கலந்து புதுச் செடிகளை உண்டாக்கினார். காட்டுக் கரும்பு இனம் இந்தியாவில் தோன்றியது என்று நிறுவ அவருடைய ஆய்வு உதவியது. 1935-இல் இந்திய அறிவியல் கழகம் அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தது. இவ்வளவு இருந்தும், தனித்து வாழும் பெண் என்பதும், பின்தங்கியதாகக் கருதப்பட்ட குலத்தில் பிறந்தவர் என்பதும் அவருக்கு அங்கே பெரும் இடைஞ்சலாயின. கற்றுக்கொடுத்த ஆசான் கடல் கடந்து இருக்க, கற்ற கை மட்டும் உடன் இருந்தது.

1939-இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குச் சென்றார். போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டார். 1940 முதல் இலண்டனில் ஜான் இன்னஸ் நிறுவனத்தில், டார்லிங்டன் என்னும் புகழ்பெற்ற செல்லியல் அறிஞரோடு பணிபுரிந்தார். இரவில் குண்டு விழும்போது கட்டிலுக்கடியில் புகுந்துகொள்வார். காலையில் அலமாரிகளில் சிதறிய கண்ணாடித் துண்டுகளைத் துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார் என்று நண்பர்கள் நினைவுகூர்ந்துள்ளனர். 1945-இல் பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் தொகுத்த பெருநூல் ஒன்று வெளிவந்தது. அட்டையில் டார்லிங்டன், ஜானகி அம்மாள் என்று இரண்டு பெயர்கள். "மறுபடி எண்ணு" என்று கேட்டு வளர்ந்தவர், உலகமே எடுத்துப் பார்க்கும் எண்களைத் தாமே தருபவராகிவிட்டார். வழிகாட்டல் நன்றாக நடந்ததற்கு இதைவிட வேறு அடையாளம் நாம் தேடவில்லை.

இங்கே நம் மாநிலத்துக் குருவானவர் ஒருவரையும் நினைக்கத் தோன்றுகிறது. வழிகாட்டி தம்மிடமே மாணவரை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு அவரே சான்று. பிரான்சு நாட்டு இயேசு சபைத் துறவி சார்ல்ஸ் ரசீன் 1937-இல் இந்தியா வந்து, 1939 முதல் சென்னை இலயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்தார். பாரிஸில் புதிய கணிதத்தைப் பயின்றவர் அவர். அதன் வாசனையை மாணவருக்குக் காட்டி, இதற்கு மேல் கற்க இலயோலா போதாது என்று உணர்ந்து, பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அவர்களை அனுப்பினார். காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்ரியும், அன்றைய வட ஆர்க்காட்டின் தண்டரைக் கிராமத்து நரசிம்மனும் 1953-இல் அவ்வாறு சென்றவர்களே. 1965-இல் அவ்விருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

நம் மாணவியரிடம் இதுபற்றிச் சொல்ல ஒன்று உண்டு. வழிகாட்டி தாமே தேடி வருவார் என்று காத்திருப்பவர்கள் நம்மில் மிகுதி. நன்றாக மதிப்பெண் வாங்கும் பெண்ணே பெரும்பாலும் கேள்வி கேட்கக் கூசுகிறாள். மதிப்பெண் குறைந்துவிட்டதாக நினைத்து மற்றவளும் கூசுகிறாள். கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே ஓர் ஆசிரியரிடம் சென்று, "இந்தப் பாடத்தில் எனக்கு இது விளங்கவில்லை, என்ன படிக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். எதிர்காலம் பற்றிய பெரிய கேள்விகள் வேண்டாம். அவற்றுக்கு யாராலும் உடனே விடை சொல்ல இயலாது. சிறிய, உண்மையான கேள்வி போதும். விடுதியில் உங்களுக்கு முன்னே சேர்ந்த அக்காமாரையும் மறவாதீர்கள். எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றிதழ், எந்த நாளில் விண்ணப்பம் முடியும், எந்தப் பேருந்து இரவில் நம்பத் தக்கது என்பதெல்லாம் பேராசிரியரைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும். பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கல்லூரியைக் காணச் செல்லும்போது விடுதிக் காப்பாளரையும் பாடம் நடத்துபவரையும் நேரில் கண்டு பேசுங்கள். கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம்.

ஜானகி அம்மாள் 1951-இல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்றுத் தாய்நாடு திரும்பி, இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை மேற்கொண்டார். 1956-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் தன் பழைய மாணவிக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1977-இல் பத்மஸ்ரீ விருது வந்தது. முதுமையிலும் ஓய்ந்திருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் மதுரவாயல் களஆய்வுக் கூடத்தில், மூலிகைத் தோட்டமும் பூனைக் குட்டிகளும் சூழ, 1984 பிப்ரவரியில் மறையும்வரை ஆய்வு செய்துவந்தார். பார்பர் உதவித்தொகை மிச்சிகனில் மேற்பட்டப் படிப்புப் பயிலும் ஆசியப் பெண்களுக்கு இன்றும் வழங்கப்பட்டு வருகிறது.