தெருவை அரசிடம் ஒப்படைப்பது எப்படி? நலச் சங்கச் செயலாளருக்கு ஒரு வழிகாட்டி

செயலாளர் பொறுப்பை ஏற்ற அன்றே முதல் கேள்வி வந்துவிடும்: “ரோடு எப்ப சார் போடுவாங்க?”

எங்கள் மனைப்பிரிவில் வீட்டுக்கு வீடு வசூலித்து மூன்று முறை கிராவல் கொட்டினோம். மூன்று ஐப்பசி மழையும் அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. பள்ளி வேன் தெருமுனையிலேயே நின்றது. பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மனு கொடுக்கப் போனால் ஒரே பதில்: “அது தனியார் ரோடுங்க.” நாங்கள் கோபப்பட்டோம். ஆனால் காகிதத்தில் அவர்கள் சொன்னது சரிதான். உள்ளாட்சியின் பெயரில் இல்லாத தெருவுக்கு உள்ளாட்சி நிதி ஒதுக்காது. ஆகவே வேலையைப் பத்திரத்திலிருந்து தொடங்குங்கள்.

1. வில்லங்கம் பாருங்கள்

டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில், இறுதி ஒப்புதலுக்கு முன்பே சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தந்திருக்க வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். எழுதி வாங்கியவர் இடத்தில் ஊராட்சியோ, நகராட்சியோ, மாநகராட்சியோ இருந்தால் பாதி வேலை முடிந்தது. எல்லா சர்வே எண்களும் அந்தப் பத்திரத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ஒரு உட்பிரிவு எண் விடுபட்டால் ஒரு தெருவே விடுபடும்.

2. பத்திரம் இல்லையென்றால்

நிலம் இன்னும் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் எழுதித் தர வேண்டும். மனை போட்டவரையோ அவருடைய வாரிசுகளையோ தேடிப் பிடியுங்கள். அங்கீகாரமே இல்லாத மனைப்பிரிவு என்றால் 2017ஆம் ஆண்டின் வரன்முறை விதிகளைப் பாருங்கள். 20.10.2016 அன்றோ அதற்கு முன்போ ஒரு மனையாவது விற்றுப் பதிவாகியிருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. விண்ணப்பிக்க இப்போது வாய்ப்பு உண்டா என்று டிடிசிபி மாவட்ட அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்.

3. டேப்பை எடுங்கள்

எங்கள் வரைபடத்தில் தெருவின் அகலம் 24 அடி. தரையில் அளந்தால் 20தான். மீதி நான்கு அடியும் எங்கள் வீட்டுப் படிகளுக்கும் சாய்தளங்களுக்கும் அடியில் கிடந்தது. அதிகாரி அளக்க வருவதற்கு முன் நாமே அளந்து, நாமே பின்வாங்குவதுதான் மரியாதை. சங்க நிர்வாகிகளின் வீட்டிலிருந்து தொடங்குங்கள், மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.

4. பதிவேட்டில் ஏற்றுங்கள்

பத்திரம் பதிவானதோடு நின்றுவிடாதீர்கள். உள்ளாட்சியின் சாலைப் பதிவேட்டில் தெருவின் பெயர், நீளம், அகலம் ஏற வேண்டும். ஊராட்சி என்றால் கிராம சபைக்குத் திரளாகப் போய்த் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்றவை வழக்கமான நாட்கள். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், பிரிவு 110, ஊர்ச் சாலைகளைப் பராமரிப்பதைத் தன் நிதி வரம்புக்குள் ஊராட்சி செய்யவேண்டிய கடமையாகவே சொல்கிறது. மனுவில் அந்தப் பிரிவு எண்ணை எழுதுங்கள்.

5. மனு ஒரு பக்கம்தான்

தெருவின் பெயர், சர்வே எண், தானப் பத்திர எண், நீளம், அகலம், வீடுகளின் எண்ணிக்கை, கேட்பது என்ன என்று எழுதினால் போதும். வரைபட நகலையும் மழைக்காலப் படம் ஒன்றையும் இணையுங்கள். ஒப்புகை ரசீது வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.

பதில் இல்லையென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் தரக் கெடு 30 நாள். “ஏன் போடவில்லை?” என்று கேட்காதீர்கள். “சாலைப் பதிவேட்டில் எங்கள் தெரு உள்ள பக்கத்தின் நகல் தருக” என்று கேளுங்கள். காரணத்தைக் கேட்டால் எதையாவது சொல்லி நழுவலாம். நகலைக் கேட்டால் இருக்கிறது அல்லது இல்லை என்றுதான் சொல்ல முடியும்.

6. ஃபைலை ஒப்படையுங்கள்

இந்த வேலை ஒரு பதவிக்காலத்தில் முடியாமல் போகலாம். ஒவ்வொரு காகிதத்துக்கும் இரண்டு நகல் எடுத்து, தேதி வாரியாக அடுக்கி, அடுத்த செயலாளரின் கையில் கொடுங்கள். எங்களுக்கு முன்னிருந்தவர்கள் ஓடியாடியது எதற்கும் காகிதம் இல்லாததால், நாங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

கிராவலுக்கு அடுத்த வசூல் தொடங்குவதற்கு முன், இன்று இரவே உட்கார்ந்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள்.