வார்டில் பாட்டு கேட்கலாமா?

கேள்வி: பிரஸ் மெஷினில் விரல் நசுங்கி ஆபரேஷன் முடிந்த என் தம்பி, சுவரையே பார்த்தபடி படுத்திருக்கிறான். பாட்டு, கைவேலை எல்லாம் குணமாக்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, வல்லம் வடகால்

பதில்: பாட்டு காயத்தை ஆற்றாது, வலியைக் குறைக்கும். 2015-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 73 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. அறுவை சிகிச்சையையொட்டிப் பாட்டு கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்திருந்தன. வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. வீடு திரும்பும் நாள் மட்டும் முந்தவில்லை. அதனால் மருந்தை நிறுத்தாமல், ஹெட்போனையும் கொடுங்கள். பாட்டைத் தம்பியே தேர்ந்தெடுக்கட்டும். இந்த நோய்க்கு இந்த ராகம் என்ற பட்டியல்களை நான் நம்புவதில்லை.

கைவேலைக்கு வேலூரிலேயே முன்னோடி உண்டு. சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த விரலுக்கு வேலை வேண்டுமே! 1950-களில் 'நவஜீவ நிலையம்' அமைத்துத் தச்சு கற்பித்தார். நோயாளிகள் மரப்பொம்மைகள் செய்தார்கள். பிராண்டுக்கே தச்சு தெரியும். மரத்துப்போன விரல்கள் கருவியின் பிடியை எப்படி அளவுமீறி அழுத்துகின்றன, புண் எங்கே வருகிறது என்று அந்தப் பட்டறையில் கூர்ந்து கவனித்தார்.

தையல் பிரித்தபின், பிசியோதெரபிஸ்ட் சரி என்றால், தம்பியிடம் களிமண்ணைக் கொடுங்கள். கோலமாவும் நல்லதுதான்: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி, கொஞ்சங்கொஞ்சமாக விடுவது நல்ல பயிற்சி. ஆண்பிள்ளை கோலம் போடுவதா என்று யாரும் தடுக்க வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்தும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.